நீங்க புடிச்சுக்கோங்க

திருப்பூருக்கு வந்த புதிதில் ஒரு காலை, பனியன் மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து, தெரு ஓரம் நின்றிருந்த ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டது. பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். கதை எழுதுகிறவனுக்குத் தெருச்சண்டை என்பது கட்டணமில்லாமல் கிடைக்கிற பாடம். ஸ்கூட்டர்காரர் வந்தார். "ஏனுங்க, பாத்து வரக்கூடாதுங்களா?" என்றார். டிரைவர் இறங்கினார். "பாத்துத்தானுங்க வந்தேன். நீங்க நிறுத்தியிருக்கற எடந்தான் சரியில்லீங்க." "அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. இனிமே உங்களைக் கேட்டுட்டே நிறுத்தறேனுங்க." "கேளுங்க, சொல்றேனுங்க." பிறகு ஒருவர் ஸ்கூட்டரை நிமிர்த்தினார், மற்றவர் லாரியில் ஏறினார். நான் சண்டை தொடங்கும் என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கடைசியில் டீக்கடைக்காரரிடம், "என்ன, சண்டை போடாமலே போய்விட்டார்கள்?" என்று கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்சு போச்சுங்களே சார். என்ன பேச்சுப் பேசிப்போட்டாங்க ரெண்டு பேரும்!"

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பதிவுத்துறையில் எழுத்தராக நுழைந்து சார்பதிவாளராக வெளியே வந்தவன். மனைவி செண்பகம் இறந்த பிறகு, மகள் மீனா என்னையும் நான்கு பெட்டிகளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அவளும் மருமகனும் ஏற்றுமதி கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள். வெளிநாட்டுக்குப் போனவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படிக்கிறபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அவர்களுக்குப் பாஸ்போர்ட்டாவது இருக்கிறது, தாங்கள் அந்நியர்கள் என்பதற்கு முத்திரை குத்திய ஆதாரம். நான் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே மாநிலத்துக்குள் இறங்கினேன். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற மனு கொடுத்தேன், இணைப்புகள் சரியாக இருந்ததால் அலுவலரே ஆச்சரியப்பட்டார். காகிதப்படி நான் எங்கும் போகவில்லை. ஆனால் ஊரில் இருக்கும் நண்பர்களுக்கும், என்னைப் போல் பிள்ளைகளின் வேலையைப் பின்தொடர்ந்து குடிபெயர்ந்த முதியவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: நம் காது எங்கே வேலை செய்யாமல் போகிறதோ அதுதான் வெளிநாடு.

என் காது நின்றுபோனது எனக்குச் சிறிய நஷ்டம் அல்ல. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். அதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு மேசை. தாளின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விளிம்பு விட்டு எழுத்து, விளிம்பில் எனக்கு நானே எழுதும் ஆட்சேபணைகள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு கோப்பு, அலுவலகக் கோப்புகளுக்குப் போலவே ஒரு ந.க. எண். எட்டு மணிக்குப் பேனாவை மூடிவிடுவேன், வாக்கியம் பாதியில் இருந்தாலும். மறுநாள் தொடங்க அந்தப் பாதி உதவும். உத்வேகம் வந்தால்தான் எழுதுவேன் என்கிற எழுத்தாளர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. உத்வேகம் வந்தால்தான் பத்திரம் பதிவேன் என்று நான் சொல்லியிருந்தால் அரசாங்கம் என்ன செய்திருக்கும்? இந்த நடைமுறையைத் திருப்பூருக்கும் அப்படியே கொண்டுவந்தேன். பக்கத்துக் காம்பவுண்டில் நிட்டிங் மெஷின்கள் ஓடும். அந்த அதிர்வில் மேசை மேலிருக்கும் கண்ணாடி டம்ளர் மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வரும். அதைத் திரும்ப நடுவில் வைப்பதும் நடைமுறையில் ஒன்றாகிவிட்டது.

எல்லாம் இருந்தும் நான்கு வருடத்தில் ஒரு கதைகூட முடியவில்லை. தெருவை எழுதலாம். சாயத்தண்ணீரின் வாசனையை, துணி உருளைகளை ஏற்றிக்கொண்டு சந்தில் திரும்பும் வண்டியை எழுதலாம். ஆள் வாயைத் திறந்தால் நின்றுபோகும். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் செருமுகிற விதத்திலேயே அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்பும் கோபமும் கேலியும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன. "ஒருக்கா ஊட்டுக்கு வாங்க" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு ஞாயிறு போய் நின்றேன். குடும்பமே கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவோணும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். கல்யாணத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்கும் துணிச்சல் இன்றுவரை எனக்கு வரவில்லை. மறுபக்கம், என் பேச்சு அவர்களுக்கு. வந்த முதல் நாள், வீட்டுக்காரரிடம் சிநேகமாக, "தண்ணி எப்ப வே வரும்?" என்றேன். அந்த மனிதர் முகம் சுருங்கிப்போனது. "அப்பா, இங்க 'வே' போடாதீங்க. அடிக்க வர்ற மாதிரி இருக்கு" என்றாள் மீனா.

என் கதைகள் முடிந்ததெல்லாம் செண்பகத்தின் காதில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், நான் எதிரில் உட்கார்ந்து படிப்பேன். சுளகின் சத்தம் ஒரே சீராக வரும் வரை கதை சரியாகப் போகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் தொலைந்தேன். "அவ ஏன் அழுதா?" என்பாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரன் அப்படிப் பேசினா அழாம என்ன செய்வா?" "அழமாட்டா. சோலி கெடக்கும்லா. சோலியப் பாத்துக்கிட்டே நாலு நாறக் கேள்வி கேப்பா. அதை எழுதுங்க." எழுதுவேன். அழுகையை அடித்துவிட்டு நாலு கேள்வியை எழுதியதும் கதை எழுந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கேள்விகளை அவள் எங்கே படித்தாள் என்றால், தெருக் குழாயடியில். "எடுட்டி ஒன் கொடத்த! ஒங்க அய்யா வீட்டுக் கொழாயா இது?" என்று அடுத்தவள் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் பித்தளைக் குடத்தை வைப்பாள். அடுத்தவளும் சளைத்தவள் இல்லை, அவள் செண்பகத்தின் குடத்தைத் தள்ளுவாள். மத்தியானம் அதே பெண் கிண்ணத்தில் மீன்குழம்போடு வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஊரில் சண்டை சத்தமாக வரும், சத்தமாகவே போய்விடும்.

போன மாதம் ஊரிலிருந்து நண்பர் சங்கரன் பேசினார். சிறுபத்திரிகை நடத்துகிறவர், என் கதைகளை விடாமல் போட்டவர். "வே சார்பதிவாளரே, நாலு வருசமா ஒண்ணும் வரல. சிறப்பிதழ்ல ஒமக்கு ஆறு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கேன். இந்த வாட்டியும் வரலைன்னா இனி நான் கேக்கமாட்டேன். கேக்கக்கேக்க ஒமக்குத்தான் சங்கடம்" என்றார். அரசாங்கம் ஓய்வு கொடுத்தபோது மாலை போட்டு, பழக்கூடை கொடுத்து வீடுவரை வந்து விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுவது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. யாரும் கேட்காமல் ஆகிவிடுவது.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது எங்கள் வாசலில் தண்ணீர் வரும் நாளெல்லாம் கண்ட காட்சியை. நாங்கள் இருப்பது தனலட்சுமி வீட்டின் மாடி. ஒரே வீடாக இருந்தது, அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் நடுவே சுவர் எழும்பி இரண்டானது. ஒரு பாதியில் தம்பி மனைவி தனலட்சுமி, மறு பாதியில் அண்ணன் மனைவி சரஸ்வதி. இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாசலில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே நல்ல தண்ணிக் குழாய். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை காலையில் தண்ணீர் வரும். இரண்டு பேரும் குடங்களோடு வந்து நிற்பார்கள்.

"அக்கா, நீங்க புடிச்சுக்கோங்க."

"இல்ல கண்ணு, நீ புடிச்சுக்கோ. உனக்குத்தான் வேலை கெடக்குது."

"உங்களுக்கு முட்டி வலிங்களே, எத்தனை நேரம் நிப்பீங்க. நீங்க புடிச்சுக்கோங்க."

"நான் நின்னுக்கறேன் சாமி. நீ புடி."

தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரும் குடத்தை வைக்கமாட்டார்கள். கடைசியில் தனலட்சுமியின் கணவரோ சரஸ்வதியின் மருமகளோ வந்து, கிடைத்த குடத்தை வைத்து நிரப்புவார்கள். மாடிப் படியில் நின்று நான்கு வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன். குடத்தைத் தள்ளிவிடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவர் எழுப்பினாலும் பிரிக்க முடியாத இரண்டு பெண்கள் என்று எழுதினேன். உரையாடலை அவர்கள் பேசியபடியே எழுதினேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக என் திருப்பூர்க்காரர்கள் வாய் திறந்து பேசினார்கள். முடிவு மட்டும் பாக்கி இருந்தது.

முடிவுக்கு முன் எனக்கு ஒரு விதி உண்டு. அடுத்தவர் வாழ்க்கையிலிருந்து எடுத்தால் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது இலக்கியத்திலிருந்து வந்தது அல்ல. எழுதப்படிக்கத் தெரியாதவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அவருக்கு வாசித்துக் காட்டி, கேட்டு ஒப்புக்கொண்டார் என்று அதில் ஒரு வரி வரும். நான் இளையவனாக இருந்தபோது ஓர் அம்மாள் பெருவிரல் ரேகை வைத்து மையைத் துடைத்துக்கொண்டே, "இதுல என்ன எழுதியிருக்கு அய்யா?" என்று கேட்டாள். அந்த வரி பத்திரத்தில் இருந்தது, வாசிக்கத்தான் யாரும் வாசித்திருக்கவில்லை. நான் வாசித்தேன். கிழக்கு எல்லை வந்ததும், "அது எங்க தொழுவம்லா, அதை நான் குடுக்கலியே" என்றாள். அன்றிலிருந்து நான் வாசிக்காமல் எதையும் பதிந்ததில்லை, கதையையும்தான்.

தனலட்சுமி வீட்டு முன்னறையில் டி-ஷர்ட்டுகளை மலைபோல் குவித்துவைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தையலில் தொங்கும் நூல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கும் வேலை, பீஸ் கணக்கில் வீட்டுக்கே வரும். விஷயத்தைச் சொன்னேன். "எங்களையுங்களா? கதையா? படிங்க சார், கேக்கறேன்" என்றார், கை நிற்காமல். நான் படிக்கத் தொடங்கினேன். கத்தரியின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. செண்பகம் போய்ச் சுளகு நின்ற பிறகு இப்படி ஒரு சத்தத்துக்கு எதிரில் உட்கார்ந்து நான் படித்ததே இல்லை. குழாயடிக் காட்சி வந்தது. கத்தரி நின்றது.

"ஏனுங் சார், நாங்க பாசமா இருக்கறமுன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்."

அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த டி-ஷர்ட்டுகள் சரிந்தன. "அது சண்டைங்க சார்! ஒம்பது வருசமா நடக்குதுங்க."

பிறகு விளக்கினார். பாகம் பிரித்தபோது அறை, தென்னை மரம், கிணறு, நடைபாதை எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதினார்கள். குழாயை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதில் தண்ணீர் வரவில்லை, யாருக்கும் நினைப்பு வரவில்லை. பிறகு தண்ணீர் வந்தது. யார் குழாய்? "அக்கா 'நீ புடிச்சுக்கோ'ன்னு சொல்லி நான் புடிச்சனுங்கன்னா, அவங்க கொழாயில எனக்குக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க. அதான் நான் அவங்களைப் புடிக்கச் சொல்றனுங்க. அவங்களும் லேசுப்பட்டவங்க இல்லீங்க. ஒரு நாளும் புடிச்சதில்லீங்க."

நான் கோப்பை மூடினேன். அனுமதியின் பேரில் அனுபவிப்பவனுக்கு உரிமை வராது, அனுமதி கொடுப்பவன்தான் உரிமையாளன். என் வேலையின் பாலபாடம் இது. எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் வாசலில், வாரம் ஒருமுறை, இரண்டு பெண்கள் இதை வக்கீல் இல்லாமல் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் மாடிப் படியில் நின்று கண்கலங்கியிருக்கிறேன். கதை செத்தது என்று நினைத்தேன். சங்கரனின் ஆறு பக்கமும் போயிற்று.

"அப்போ இதை எடுத்துவிடுகிறேன்" என்று எழுந்தேன்.

"எதுக்குங்க?" என்றார். கத்தரியை எடுத்தார், வெட்டவில்லை. "நான் கட்டிக்கிட்டு வந்தப்ப அக்காதானுங்க எனக்குத் தலை பின்னி உடுவாங்க. அப்பெல்லாம் சார் எழுதுன மாதிரிதானுங்க இருந்தோம்." சரிந்த டி-ஷர்ட் ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "மாத்தாதீங்க சார். அவங்களுக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றார். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

இரு தரப்புக்கும் வாசிக்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் அன்று மாலை சுவரைச் சுற்றி மறு பாதிக்குப் போனபோது என் கால் தயங்கியது. ஒன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் வெளியே சொல்லாத ஒன்றை ஒரு வாடகைக்காரன் தாளில் எழுதிக்கொண்டு போகிறான். அந்த அம்மாள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டால், அந்த வாசலில் மிச்சமிருக்கும் பேச்சும் நின்றுபோகும். அந்தப் பொய்யான மரியாதைகூட இல்லாத குழாயடியை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. சரஸ்வதி கட்டிலில் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முருகன் படத்துக்குப் போட்டிருந்த ஜவ்வந்தி மாலை மின்விசிறியில் ஆடியது. நான் படித்துக்கொண்டிருக்கையில் தைலம் தேய்த்த கை எங்கோ ஓரிடத்தில் நின்று, நெடுநேரம் அங்கேயே இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன். "அவகிட்ட படிச்சீங்களா?"

"படித்தேன்."

"என்ன சொன்னா?"

"மாற்ற வேண்டாம் என்றார்." உறுதிமொழி மீறல்தான். பதிவுத்துறையில் இருந்தவனுக்குப் பொய் சாட்சி வரவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் கத்தரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "கடைசியில யாரு மொதல்ல புடிச்சாங்கன்னு எழுதலீங்களே?"

"தெரியவில்லையே அம்மா."

"தெரியாமயே கதை எழுதறீங்களாக்கும்" என்றார். அது கேலி. அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான்காம் நாள் தண்ணீர் வந்தது. நான் படியில் நிற்காமல் கீழே இறங்கினேன். கையில் செண்பகத்தின் பித்தளைக் குடம். பெட்டிகளோடு வந்ததில் இதுவரை வெளியே எடுக்காதது. கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருக்கும். தனலட்சுமி அதைப் பார்த்ததும், "இது எங்கூருக் கொடமாட்ட இருக்குதுங்களே. அனுப்பர்பாளையத்து வேலைங்க" என்றார். இருக்கலாம். அம்பாசமுத்திரத்தில் கல்யாணச் சீராக வாங்கியது, இங்கே அடித்து அங்கே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கும் பாஸ்போர்ட் இல்லை.

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அவரவர் குடத்தோடு நின்றார்கள். அன்று ஒருவரும் "நீங்க புடிச்சுக்கோங்க" என்று சொல்லவில்லை. கதையைக் கேட்டுவிட்ட பிறகு அந்த வார்த்தை இருவருக்கும் வாயில் வரவில்லை போலும். நல்ல தண்ணீர் சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நான் குடத்தை வைத்தேன்.

"புடிச்சுக்கோங்க சார்" என்றார் தனலட்சுமி.

"புடிச்சுக்கோங்க சார்" என்றார் சரஸ்வதி, அதே மூச்சில்.

இரண்டு உரிமையாளர்களும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இப்போது எனக்கு அந்தச் சொல்லின் சட்டப் பொருள் தெரியும். என்னைவிட முறையாக அனுமதி பெற்றவன் அந்தத் தெருவிலேயே கிடையாது, என்னைவிட உரிமை இல்லாதவனும் கிடையாது. குடத்தில் தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்க் குழாயடியில் செண்பகத்திடம் யாரும் பிடித்துக்கொள் என்று சொன்னதில்லை. அவள் குடத்தைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு அவள் அவர்களுடையவளாக இருந்தாள். அந்தப் பாழாய்ப்போன கூச்சலை, "ஒங்க அய்யா வீட்டுக் கொழாயா" என்கிற அந்த ஒரு வரியை, யாராவது என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

அப்போது கணுக்காலில் ஈரம் பட்டது. சரஸ்வதி தன் காலால் என் குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகத்துங்க சார். எத்தனை நேரமுங்க?"

"அக்கா, சாருக்குப் பாதிதானுங்க நெறஞ்சுது" என்றார் தனலட்சுமி.

"கதையே பாதி எழுதறவரு. பாதி போதும் அவருக்கு" என்று தன் குடத்தைக் குழாயடியில் வைத்தார் சரஸ்வதி. யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லியிருக்கவில்லை. தனலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. குடம் நிறைந்ததும் தன் குடத்தை வைத்தார், அவரையும் யாரும் சொல்லவில்லை.

சமாதானம் ஆகிவிட்டது என்று எழுதினால் செண்பகத்தின் சுளகு நின்றுவிடும். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, "நீங்க புடிச்சுக்கோங்க அக்கா" திரும்பவும் தொடங்கிவிட்டது. நான் கதையைச் சரஸ்வதியின் குடத்தோடு நிறுத்திச் சங்கரனுக்கு அனுப்பினேன். விளிம்பில் ஆட்சேபணை எதுவும் எழுதவில்லை.

அந்தப் பித்தளைக் குடம் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று பிடித்த தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டோம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதில் பாதிதான் பிடிக்கிறேன். மீனா காரணம் கேட்கிறாள், நான் சொல்லவில்லை. பக்கத்து மெஷின்கள் ஓடும்போது தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். எழுத்து நின்றுபோகிற காலைகளில் குடத்தை விரலால் தட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் இருக்கும் பாதி மந்தமாக, அடக்கமாகப் பதில் சொல்கிறது. மேலே, அவள் பெயர் வெட்டியிருக்கும் காலிப் பாதியில் தட்டினால், கணீரென்று தெருவுக்கே கேட்கிறது.